காலடியில் இருந்த வேலை, மலையடிவாரத்துக்குப் போன வீடு

கேமரன் மலையின் பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில், வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டின் கதவைத் திறந்தால் எதிரே தேயிலை. விடியுமுன் மணி அடிக்கும். தலையில் துணியைச் சுற்றி, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தால் போதும். கிராணி பேர் கூப்பிடுவார், கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார், வெளிச்சம் வரும்போது கை கொழுந்தில் இருக்கும்.

அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று தாப்பாவிலும் சிம்பாங் பூலாயிலும் ஈப்போவின் ஓரங்களிலும் வீடு வாங்கியிருக்கிறார்கள். வேலை மட்டும் மலையில். ஓட்டல், பள்ளிக்கூடம், மருத்துவமனை, காய்கறித் தோட்டம், அரசாங்க அலுவலகம் என்று எங்கோ ஓரிடத்தில் காலையில் பேர் பதிய வேண்டும். அதற்காக இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறார்கள். இன்னும் சிலருக்கு வீடு மேலே, வேலை கீழே. இரண்டு தரப்பாரும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பயணம் தகுமா? இதற்குப் பதில் தேட, கேமரன் மலையில் வேலையும் வீடும் எப்படி ஒட்டியிருந்தன, எப்படிப் பிரிந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று: ஆலைக்கு அருகே மனிதர்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். ஆனால் நாற்பது ஆண்டுகள் இது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை வண்டிச் சாலை ஏறியது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ், கம்போங் ராஜா பக்கம் புளூவேலி என்று மலை முகடுகள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின.

இந்தத் தோட்டங்கள் ஆட்களைத் தூரத்தில் குடிவைக்க முடியாததற்குத் தேயிலையே முதல் காரணம். கிள்ளிய கொழுந்து காத்திருக்காது. அன்றே நிறுத்து, அன்றே ஆலைக்கு அனுப்பி வாட்டப் போட வேண்டும். கூடையில் குவிந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இங்கே கொழுந்துக்குப் பருவ ஓய்வும் கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடி மறுபடி கைக்கு வரும். ஆண்டு முழுவதும், ஒவ்வொரு நாளும், விடிந்த உடனே நூற்றுக்கணக்கான கைகள் தேவை. அறுபது கிலோமீட்டர் வளைந்து ஏறும் ஒற்றைச் சாலையில் அந்தக் கைகளைத் தினமும் கொண்டுவர எந்த வண்டியும் இல்லை. ஆகவே லயம் கட்டினார்கள். லயத்தோடு ஆயாக்கொட்டகை, மருந்தகம், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் வந்தன.

கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறும் தாய்க்குப் பயணம் என்பது அந்தச் சரிவுதான். மதியத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரலாம். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு விறகு பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். பக்கத்து வீட்டில் சாவு என்றால் அரை மணி நேரத்தில் தோட்டமே கூடிவிடும். இன்றைக்குத் தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழிப்பவர்கள் இந்த வாழ்க்கையை ஏக்கத்தோடு பேசுவதை நான் குறைசொல்ல மாட்டேன். இழந்தது உண்மையான ஒன்றுதான்.

அந்த அருகாமைக்குக் கொடுத்த விலை

ஆனால் அந்த வீடு யாருடையது? லயம் தோட்டத்துச் சொத்து. உழைப்பவர் இருக்கும்வரை கூரை உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்தால், அல்லது நிறுத்தப்பட்டால், சாவியும் போகும். வயதான பெற்றோர் அதே வீட்டில் கண்மூட வேண்டுமானால், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைக்கூடக் கூடையை எடுக்க வைத்தது பல வீடுகளில் வறுமை மட்டுமல்ல, இந்தக் கூரையும்தான்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரைப் பயணச் செலவு உதவியோடு அனுப்புவதை நிறுத்தியது. புதிய ஆட்கள் கப்பலில் வருவது அதோடு குறைந்தது. தோட்டத்தின் அடுத்த தலைமுறைத் தொழிலாளி லயத்திலேயே பிறந்து வளர வேண்டியதாயிற்று. வேலை காலடியில் இருந்தது என்றால், வேறு வேலை கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருந்தது என்றும் அர்த்தம்.

வீடும் வேலையும் ஒரே கையில் இருப்பதன் ஆபத்தை நாட்டின் மற்றத் தோட்டங்கள் 1950களின் பிற்பகுதியில் நேரில் கண்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, வேலை போன குடும்பங்கள் அதே நாளில் வீடும் இழந்து நின்றன. பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியதும் இந்தக் காயத்திலிருந்து பிறந்த முயற்சி. உழைக்கிறவன் கூரை வேறொருவன் தயவில் இருக்கக் கூடாது என்பதே அதன் அடிநாதம். தோட்டங்களில் தொழிலாளர் வீட்டுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966இல் வந்தது. அது வீட்டின் தரத்தைப் பேசியது. வீட்டின் உரிமையை யாருக்கும் மாற்றவில்லை.

ஆகவே இன்று தாப்பாவில் வாங்கிய ஒரு தாமான் வீட்டின் சாவியைத் தன் அம்மாவிடம் கொடுக்கும் மகனோ மகளோ செய்வது சின்னக் காரியமல்ல. மூன்று தலைமுறை செய்ய முடியாததைச் செய்கிறார்கள். அதற்கு ஈடாகத் தினமும் மலை ஏறுகிறார்கள். நீண்ட பயணத்தை வெறும் வீண் என்று ஒதுக்குவோர் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலை மாறிய கதை

இடைப்பட்ட காலத்தில் மாறியவை பல. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குத் தானா ராத்தாவுக்குப் பேருந்து ஏறினார்கள். தோட்டத்துப் பிள்ளையின் முதல் தினசரிப் பயணம் அதுதான். படித்தவர்கள் ஆசிரியர், தாதி, எழுத்தர், போலீஸ்காரர் ஆனார்கள். இன்னொரு பக்கம், கொழுந்து கிள்ளிய விரல்களின் இடத்தில் கத்தரியும், பிறகு இருவர் தூக்கிப் பிடிக்கும் வெட்டுப்பொறியும் வந்தன. குறைந்த ஆள் போதும் என்றானது. அந்தக் குறைந்த ஆட்களிலும் இன்று பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்.

நடுவில் ஓர் இடைக்கால ஏற்பாடும் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் பேர் பதிந்து லயத்து வீட்டைக் காப்பார். மகன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் டவுனுக்கு இறங்கி ஓட்டலிலோ காய்கறிக் கடையிலோ வேலை பார்ப்பான். சுங்கை பாலாஸ் சாலை குறுகலானது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனாலும் அது சில கிலோமீட்டர்தான். அப்பா ஓய்வு பெறும் நாளில்தான் உண்மையான கேள்வி எழும்: இனி எங்கே குடியிருப்பது?

பதில் மலைமேல் கிடைப்பது கடினம். சரிவு நிலம், காட்டுக் காப்புநிலம், ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் விவசாய நிலம் ஆகியவை போக வீடு கட்டத் தகுந்த இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்துக்கும் சுற்றுலாப் பயணிகளின் பணம் போட்டிக்கு நிற்கிறது. வார இறுதியில் வந்து தங்குகிறவர் ஓரிரவுக்குக் கொடுப்பதை, மாதச் சம்பளக்காரர் எப்படிக் கொடுப்பார்? எனவே குடும்பங்கள் கீழே பார்த்தன. தாப்பா பழைய வழி. 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதிய அகலச் சாலை திறந்ததும் ஈப்போவும் எட்டும் தூரத்துக்கு வந்தது. மலை நிர்வாகத்தில் பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் மக்களின் சந்தை, சிறப்பு மருத்துவர், துணிக்கடை, சம்பந்தி வீடு எல்லாம் பேராக் பக்கம். சாலை போன திசையிலேயே வீடும் போனது.

இன்று: பணத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தாப்பாவிலிருந்து பிரிஞ்சாங் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். போய்வர 130. மாதம் 26 நாள் வேலை என்றால் 3,380 கிலோமீட்டர். மலையேற்றத்தில் சின்னக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் மாதம் சுமார் 282 லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு அறிவிக்கப்பட்ட லிட்டருக்கு 1 வெள்ளி 99 சென் என்ற உதவித்தொகை விலையில் போட்டாலும் ஏறக்குறைய 560 வெள்ளி.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்கும் ஓட்டல் ஊழியருக்குப் பெட்ரோல் மட்டும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தபின் கையில் வரும் சுமார் 1,500 வெள்ளியில் பெட்ரோல் போக நிற்பது 940 வெள்ளி. டயர், பிரேக், எண்ணெய் மாற்றம் இன்னும் கணக்கில் வரவில்லை. வளைவு மிகுந்த இறக்கத்தில் பிரேக் கட்டை எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் அறிவார்கள். மாதம் 3,500 வெள்ளி வாங்கும் ஆசிரியருக்கோ அதே 560 வெள்ளி சம்பளத்தில் 16 விழுக்காடுதான். ஒரே சாலை, ஒரே தூரம்; ஆனால் ஒருவருக்கு அது தாங்கக்கூடிய செலவு, மற்றவருக்கு அது வாழ்வையே அரிக்கும் செலவு.

கப்சாய் ஓட்டினால் பெட்ரோல் 170 வெள்ளிக்குள் அடங்கும். அப்போது விலை வேறு உருவத்தில் வரும். மழை, மூடுபனி, குளிர், இருட்டு, காய்கறி லாரிகள். கன மழையில் இந்த மலைச்சாலைகளில் மண் சரிவது புதிதல்ல. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய்ச் சாலையின் இறக்கத்தில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மலைவாசிகள் மறக்கவில்லை. "மேலே ஏறிட்டியாப்பா? மழையா?" என்று ஒவ்வொரு காலையும் கேட்கும் தாயின் குறுஞ்செய்திக்குப் பின்னால் இந்த நினைவும் இருக்கிறது.

தினமும் நெடுந்தூரம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு உண்டு. வழக்கமான பாதையை விட்டுச் சொந்தக் காரியத்துக்கு வேறு பக்கம் திரும்பினால் அந்தப் பாதுகாப்புக்குச் சிக்கல் வரலாம். முதலாளி சந்தா கட்டுகிறாரா என்பதைச் சம்பளச் சீட்டில் பார்ப்பது வேலையில் சேர்ந்த முதல் மாதமே செய்ய வேண்டிய காரியம்.

இன்று: நேரத்தின் கணக்கு

ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 78 மணி. சட்டப்படி வாரத்துக்கு வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது. அதாவது மாதத்தில் ஒன்றே முக்கால் வேலை வாரத்தைச் சம்பளமில்லாமல் சாலைக்குக் கொடுக்கிறோம். பள்ளி விடுமுறையில் இது இன்னும் நீளும். தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் கீ ஃபார்ம் சந்தை வரை வண்டிகள் நெருக்கி நிற்கும் வார இறுதியில், அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரே பாதிப் பயண நேரத்தை விழுங்கும்.

சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் அலோயிஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை இந்த விஷயத்தில் முக்கியமானது. கூடுதல் சம்பளமோ மலிவான நல்ல வீடோ கிடைப்பதால்தான் மக்கள் தூரப் பயணத்தை ஏற்கிறார்கள். அப்படியானால் அவர்கள் மனநிறைவு மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்தது. கிடைத்த ஈடு போதவில்லை. சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எரிக்கா சாண்டோ 2011இல் செய்த ஆய்வு, ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கு மேல் பயணிப்போரின் இணையர்கள் பிரியும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 விழுக்காடு அதிகம் என்று கண்டது. முதல் சில ஆண்டுகளே மிகவும் கடினமானவை.

ஐரோப்பாவின் முடிவுகளை அப்படியே கேமரன் மலைக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவை காட்டும் சறுக்கலை நம் வீடுகளிலும் பார்க்கிறேன். வீட்டையும் சம்பளத்தையும் முடிவெடுக்கும் நாளில் பெரிதாகப் பார்க்கிறோம். பிள்ளை தூங்கியபின் வீடு சேர்வதும், ஞாயிற்றுக்கிழமை உடம்பு எழ மறுப்பதும் அன்றைக்குக் கண்ணில் படுவதில்லை. அவை நாள்தோறும் வாரந்தோறும் வரும்; சம்பளம் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஜொகூர் நிலைமையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1924இல் திறந்த கடற்பாலத்தின் வழியாக நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிங்கப்பூர் போய்வருகிறார்கள். அவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுவதற்கு அவர்களிடம் ஒரு வலுவான காரணம் உண்டு. அங்கே வாங்கும் ஒரு சிங்கப்பூர் வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். கேமரன் மலைக்கு ஏறுகிறவருக்கு அந்தப் பெருக்கல் கிடையாது. மேலே வாங்குவதும் ரிங்கிட், கீழே செலவழிப்பதும் ரிங்கிட். ஆகவே அவருடைய பயணத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்: சொந்த வீடு, மருத்துவமனைக்கு அருகே இருக்க வேண்டிய பெற்றோர், பிள்ளைகளின் மேல்படிப்பு, அல்லது கைவிட முடியாத நிரந்தர அரசாங்க வேலை. இவற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் பழக்கத்தால் ஏறுவது சரியான பேரம் அல்ல.

எப்போது தகும்?

என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். நீண்ட பயணம் ஓர் இலக்குக்காகவும் ஒரு கெடுவுக்குள்ளும் இருந்தால் தகும். வீட்டுக் கடனின் சுமையான முதல் ஆண்டுகள், இடமாற்றம் கேட்டுக் காத்திருக்கும் காலம், கடைசிப் பிள்ளை படிப்பு முடிக்கும்வரை என்று குடும்பமே ஒத்துக்கொண்ட ஓர் எல்லை வேண்டும். எல்லை இல்லாத பயணம், நாம் கட்டிய சொந்த வீட்டில் நம்மை விருந்தாளி ஆக்கிவிடும்.

குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் தினமும் கார் ஓட்டி மலை ஏறுவது தகாது. அந்த 560 வெள்ளியோடு தேய்மானத்தையும் சேர்த்து, மேலே நண்பர்களோடு ஓர் அறை எடுத்து வாரம் ஒருமுறை இறங்கினால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒரு வண்டியில் ஏறினால் தலைக்கு 140 வெள்ளிதான். ஒருவர் ஓட்ட மூவர் உறங்கலாம். கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால் சம்பளம் குறைந்தாலும் அருகிலுள்ள வேலையே மேல். இந்த முடிவில் வண்டி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, வீட்டில் காத்திருக்கிறவருக்கும் வாக்கு வேண்டும். அவர் அந்த மூன்று மணி நேரத்தின் சமையலையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் தனியாகச் சுமக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையும், சம்பளமோ கடனோ உடல்நலமோ மாறும்போதும், கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஆனால் முழுச் சுமையையும் தொழிலாளியின் தலையில் வைத்துவிட்டு நகர முடியாது. அன்று தோட்டங்கள் லயம் கட்டியது அன்பினால் அல்ல, ஆள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால். இன்று ஓட்டல்களும் பண்ணைகளும் மருத்துவமனையும் பள்ளிகளும் அதே போல ஆள் இல்லாமல் ஓடா. ஆனால் அந்த ஆள் எங்கே தூங்குகிறார், எப்படி வந்து சேர்கிறார் என்ற கவலை மட்டும் அவர்களிடமிருந்து கழன்று தொழிலாளியிடம் வந்துவிட்டது. தாப்பாவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் வேலை நேரத்துக்குப் பொருந்தும் ஊழியர் வேன்களை முதலாளிகள் கூட்டாக விடலாம். பயணப்படி கொடுக்கலாம். கடைசிப் பேருந்து போகும் நேரத்துக்கு முன் வேலையை முடித்துவிடலாம். மாநில அரசு, புதிய விடுதிகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே உள்ளூர்த் தொழிலாளருக்கு வாங்கும் சக்திக்குள் அடங்கும் வீடுகளையும் கேட்டு வாங்கலாம். அந்த வீடு வேலையோடு பறிபோகாத வீடாக, அவர் பேரிலேயே பதிந்த வீடாக இருக்க வேண்டும்.

கேமரன் மலைத் தமிழர்கள் வேலைக்கு அருகே வாழ்ந்தபோது வீடு அவர்களுடையதாக இல்லை. வீடு அவர்களுடையதானபோது வேலை தூரம் போனது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக அந்த மலையை உழைத்து உருவாக்கிய மக்களுக்கு அது நியாயமான பங்கு. அது கிடைக்கும்வரை, ஏறுவதா வேண்டாமா என்ற முடிவை ஒவ்வொரு குடும்பமும் காகிதத்தில் எண்களோடு எழுதி, எல்லோரும் சேர்ந்து எடுக்கட்டும்.